பிண்ணாக்கு உருண்டையும் நம் பொறுப்பும்

மாட்டுக்குப் போடும் பிண்ணாக்கை மனிதர் தின்பதா என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு. திட்டுவதற்கே "புண்ணாக்கு" என்ற சொல்லைப் பழக்கிவிட்ட நாடு இது. ஆனால், செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது வழக்கம் என்பதும், எண்ணெய் வடிந்தபின் உரலில் தங்கும் இனிப்பான எள்ளுப் பிண்ணாக்கை வாங்கித் தின்னப் பிள்ளைகள் செக்கடியில் காத்து நிற்பார்கள் என்பதும் வயதில் மூத்த வணிகர்கள் அனைவரும் அறிந்ததே. அடுப்பு மூட்டாமல், பாகு காய்ச்சாமல் கிடைத்த பலகாரம் அது.

அந்தப் பலகாரம் இப்போது மறுபடியும் நம் கடை வாசலுக்கு வந்திருக்கிறது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மரச்செக்கு எண்ணெய்க்கு மதிப்புக் கூடியதால், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் என்று நமது வட்டாரத்திலும் செக்குக் கடைகள் பெருகிவிட்டன. எண்ணெய் பெருகினால் பிண்ணாக்கும் பெருகும். அதைத் தீவன விலைக்குத் தள்ளிவிட மனமில்லாத செக்குக்காரர்களும், வீட்டிலிருந்து தொழில் செய்ய விரும்பும் மகளிர் குழுவினரும், கடலைப் பிண்ணாக்கை மாவாக்கி, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து, "கடையில் வைத்துக் கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்று கேட்டு வருகிறார்கள். வைக்கலாமா, கூடாதா என்று மளிகை நண்பர்கள் எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளிடம் கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் தீவன மூட்டையிலிருந்து பிறந்த உருண்டையாக இருந்தால் ஒன்றைக்கூட வைக்கக் கூடாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுமை ஒன்றுமில்லை

இடித்து உருண்டை பிடிக்கும் பலகாரம் நமக்குப் புதிதல்ல. வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் கேழ்வரகு அடையைச் சுட்டு, பிய்த்துப் போட்டு, வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்து உரலில் இடித்தால் சிமிலி உருண்டை. எல்லை தாண்டி ஆந்திரத்தில் எள்ளையும் வெல்லத்தையும் இடித்துச் சிம்மிலி செய்கிறார்கள். இலங்கையில் எள்ளுருண்டையைத் தலகுலி என்று சிங்களத்தில் அழைக்கிறார்கள். பீகார் மாநிலத்துக் கயா நகரின் தில்குட் எள்ளையும் இனிப்பையும் இடித்துச் செய்வதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் பீகார் தொழிலாளி நம் கடையில் எள்ளுருண்டையைக் கண்டால் விலை கேட்காமல் எடுப்பதன் காரணம் இதுவே.

சிமிலியில் போடும் வேர்க்கடலையில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செக்குப் பிண்ணாக்கு மாவைப் போட்டால் கிடைப்பதே இன்று வரும் பிண்ணாக்கு உருண்டை. எண்ணெய் குறைவு, புரதம் கூடுதல். கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு நாற்பது பங்கை ஒட்டிப் புரதம் உண்டு. செக்குப் பிண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெயும் தங்கியிருப்பதால் உருண்டை பிடிக்க வசதி, வாசனையும் உண்டு.

வெளிநாடுகளில் பாதாமை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்தபின் மிஞ்சும் சக்கையைப் பேரீச்சம்பழத்தோடு பிசைந்து இதேபோல உருண்டை செய்கிறார்கள். நமது ஊரிலும் பாதாம் பால், தேங்காய்ப்பால் எடுப்பவர்களிடம் சக்கை மிஞ்சுகிறது. ஆனால் அது ஈரச் சக்கை. நமது கடலோர வெக்கையில் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். அதை அன்றே காயவைத்து, வறுத்துப் பொடியாக்கத் தெரிந்தவர்கள் செய்யட்டும். மளிகைக் கடைக்கு ஏற்றது எண்ணெய் எடுத்த உலர்ந்த பிண்ணாக்குத்தான். எனவே இங்கே அதைப் பற்றியே பேசுவோம்.

வரவு செலவு

இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ கடலைப் பருப்பு ஆட்டினால் ஒரு லிட்டர் எண்ணெய் என்பது செக்குக்காரர் கணக்கு. இரண்டரை என்றே வைத்தால் 100 கிலோ பருப்புக்கு 40 லிட்டர் எண்ணெய், ஏறக்குறைய 60 கிலோ பிண்ணாக்கு. அதாவது வாங்கிய சரக்கில் பாதிக்கு மேல் பிண்ணாக்காகத்தான் வெளியே வருகிறது. அதன் விலை உயர்ந்தால் எண்ணெய் விலையைச் சற்றுக் குறைக்க இடமுண்டு, விவசாயிக்கு நல்ல பருப்புக்கு நல்ல விலை கொடுக்கவும் இடமுண்டு.

ஒரு கணக்குக்காக வைத்துக் கொள்வோம். ஒரு கிலோ உருண்டைக்கு 400 கிராம் பிண்ணாக்கு மாவு, 350 கிராம் வெல்லம், 200 கிராம் பொட்டுக்கடலை, 50 கிராம் எள், ஏலக்காய், நெய் வகையறா. பொறுக்கிய பருப்பின் பிண்ணாக்கு கிலோ 80 ரூபாய் என்றால் 32 ரூபாய். வெல்லம் கிலோ 60 என்றால் 21 ரூபாய். பொட்டுக்கடலை கிலோ 120 என்றால் 24 ரூபாய். மற்றவை 15 ரூபாய். ஆக மூலப்பொருள் 92 ரூபாய். கூலி, மின்சாரம், உறை, சேதாரம் எல்லாம் சேர்த்து 60 ரூபாய் போட்டால் அடக்கம் 152 ரூபாய். இருபது கிராம் உருண்டை கிலோவுக்கு 50 வரும். கடைக்காரருக்கு நான்கு ரூபாய்க்குக் கொடுத்தால் 200 ரூபாய். அவர் ஐந்து ரூபாய்க்கு விற்பார். செய்பவருக்கு நிற்பது 48 ரூபாய். அதிலிருந்துதான் வண்டிச் செலவும், திரும்பி வரும் சரக்கின் நஷ்டமும், சோதனைச் செலவும் போக வேண்டும்.

கடைக்காரருக்கு ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய் நிற்பது சிறிய விஷயமல்ல. பெரிய நிறுவனங்களின் ஐந்து ரூபாய் பிஸ்கட்டில் நமக்கு எவ்வளவு நிற்கிறது என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சபலம் ஒளிந்திருக்கிறது. பொறுக்கிய பிண்ணாக்குக்குப் பதில் தீவனக் கடையில் கிடைக்கும் மலிவுப் பிண்ணாக்கைப் போட்டால் கிலோவுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் மிஞ்சும். வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்தபின் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. இந்தச் சபலத்துக்கு எதிராகத்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரெனச் செத்து விழுந்தன. காரணம் தெரியாமல் திகைத்துத் தேடியபோது, பிரேசில் நாட்டிலிருந்து தீவனத்துக்காக இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை சுரந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். ஈரலைத் தாக்கும் நஞ்சு. நாள்பட்டு உடம்பில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்கும் காரணமாகும்.

நமது நாட்டுக்கும் இது தூரத்துச் செய்தியல்ல. 1974ஆம் ஆண்டு குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற 397 பேர் நோயுற்று 106 பேர் மாண்டார்கள். அதற்கும் முன்பே, ஊட்டச்சத்துக் குறைவால் மைசூர் மருத்துவமனையில் இருந்த குழந்தைகளுக்குப் புரதம் கூட்டுவதற்காகக் கொடுத்த கடலை மாவில் இந்த நஞ்சு இருந்தது தெரியாமல் போய், அவர்களில் சிலருக்கு ஈரல் கெட்டுப்போன செய்தி 1971ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வெளியானது. கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். நல்ல எண்ணம் மட்டும் பூஞ்சையைத் தடுக்காது.

இங்கே மூன்று விஷயங்களை வணிகர்கள் மனதில் பதிய வைத்துக் கொள்ள வேண்டும்.

ஒன்று, இந்த நஞ்சு எண்ணெயோடு அதிகம் போவதில்லை. பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. 100 கிலோ பருப்பில் இருந்தது 60 கிலோ பிண்ணாக்கில் குவிகிறது. உணவுப் பாதுகாப்பு விதிகள் மேற்கொண்டு பதப்படுத்தும் எண்ணெய் வித்துக்கு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமும், அப்படியே உண்பதற்கு 10 மைக்ரோகிராமும் வரம்பு வைத்திருக்கின்றன. பருப்பு வரம்புக்குள் 15 என்றே இருந்தாலும், முழுவதும் தங்கினால் பிண்ணாக்கில் அது 25. அந்தப் பிண்ணாக்கை நூற்றுக்கு நாற்பது சேர்த்த உருண்டையில் 10. விதிப்படி சரியான பருப்பிலேயே உருண்டை விளிம்பில் வந்து நிற்கிறது என்றால், கழிவுப் பருப்பில் ஆட்டிய பிண்ணாக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு, நெருப்பு இதை அழிப்பதில்லை. வறுத்தால் ஓரளவு குறையலாமே தவிர ஒழிந்துவிடாது. ஆகவே "நன்றாக வறுத்துத்தான் செய்தோம்" என்ற சமாதானம் செல்லாது.

மூன்று, அடுப்பில் வேகாத பண்டத்தில் கைப்பழக்கமும் தண்ணீரும் நேரே வாய்க்குப் போகின்றன. வேகவைக்கும் பண்டத்தில் சாகும் கிருமி இதில் சாகாது. "அடுப்பே வேண்டாம், எளிது" என்று செய்முறை சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை. மாவை வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்தபின் வெல்லத்தோடு இடிப்பதே கிருமிக்குப் பாதுகாப்பு. நஞ்சுக்குப் பாதுகாப்போ பருப்பு பொறுக்கும் இடத்தில் மட்டும்தான் இருக்கிறது.

தீவனமாகப் போனால் தப்பித்துவிட்டோம் என்றும் நினைக்க வேண்டாம். மாடு தின்ற நஞ்சின் ஒரு பங்கு பாலில் இறங்குகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட பால் ஆய்வில், நாடு முழுவதும் எடுத்த 6,432 மாதிரிகளில் நூற்றுக்கு 5.7 பங்கில் இந்த நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. அதிலும் தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88 சிக்கின. மாநிலங்களில் நாமே முதலிடம்! இதற்குத் தீவனமே காரணம் என்றார்கள். நமது பிண்ணாக்கு மூட்டைகளின் லட்சணத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மைசூரின் முன்னுதாரணம்

பிண்ணாக்கை மனிதர் உணவாக்க முடியாது என்று இதற்குப் பொருளல்ல. 1950ஆம் ஆண்டு மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரான டாக்டர் வி. சுப்பிரமணியன் காலத்தில், 75 பங்கு கடலைப் பிண்ணாக்கு மாவும் 25 பங்கு பொட்டுக்கடலை மாவும் கலந்து, உயிர்ச்சத்துகளும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்துப் பல்நோக்கு உணவு என்ற பெயரில் ஒரு மாவை உருவாக்கினார்கள். பஞ்சத்துக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்பதே நோக்கம். இன்று நம்மிடம் வரும் உருண்டையின் மூலப்பொருளும் ஏறக்குறைய அதுவே. அவர்கள் பயன்படுத்தியது தீவனச் சந்தையில் வாங்கிய பிண்ணாக்கை அல்ல. உணவுக்கென்றே பருப்பைத் தேர்ந்து, தோல் முளை நீக்கி, சுத்தமான இயந்திரத்தில் ஆட்டி எடுத்த மாவு. தொடக்கத்திலேயே "இது மனிதர் வாய்க்குப் போகப் போகிறது" என்று முடிவு செய்து ஆட்டிய பிண்ணாக்கு வேறு. ஆட்டிய பிறகு "இதை என்ன செய்யலாம்" என்று யோசிக்கும் பிண்ணாக்கு வேறு. இந்த வேறுபாட்டைக் காப்பாற்றினால் வியாபாரம் நிலைக்கும்.

யார் என்ன செய்ய வேண்டும்

மொத்த வியாபாரிகளாகிய எங்களிடமிருந்தே தொடங்குவோம். பருப்பு உடைக்கும் மில்களில் தோல் சுலபமாக உடையவும் பருப்பு நொறுங்காமலிருக்கவும் காய்மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் உண்டு. எடையும் கூடும் என்பதால் யாரும் கேட்பதில்லை. பூஞ்சைக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. உணவுப் பிண்ணாக்குக்குப் போகும் பருப்பைத் தண்ணீர் தெளிக்காமல் உடைத்ததாகவே வாங்க வேண்டும். ஈரம் நூற்றுக்கு ஏழுக்கு மேல் போகக் கூடாது. சுருங்கல், சொத்தை, கறுப்பு, முளை விட்டது, பூச்சி அரித்தது ஆகியவற்றைப் பொறுக்கித் தள்ளிய பிறகே செக்குக்கு அனுப்ப வேண்டும். தள்ளிய கழிவை மலிவு விலைக்கு வேறொரு செக்குக்கு விற்பது பாவத்தைப் பக்கத்து வீட்டில் இறக்கி வைப்பதாகும்.

செக்குக்காரர்கள் உணவுப் பிண்ணாக்கையும் தீவனப் பிண்ணாக்கையும் ஒரே நாளில் மாற்றி மாற்றி ஆட்டக் கூடாது. ஆட்டும்போது தெளிக்கும் தண்ணீர் பிண்ணாக்கில் தங்குவதால், அன்றே தட்டி உடைத்துக் காயவைக்க வேண்டும். சாக்கில் கட்டித் தரையில் போட்டால் மூன்றாம் நாள் நடுமூட்டை சூடேறும். மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல், மூடிய டின்னில் வைக்க வேண்டும். சால்வெண்ட் ஆலையிலிருந்து தீவனத்துக்கென வரும் பிண்ணாக்கை மாவாகக்கூடக் கலக்கக் கூடாது. அது எந்தப் பருப்பில் பிறந்தது என்று யாருக்கும் தெரியாது.

உருண்டை செய்பவர்கள் பெயரை மறைக்கக் கூடாது. கடலை மிட்டாய் என்று எழுதிப் பிண்ணாக்கை உள்ளே வைப்பது மோசடி. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது என்றால், நல்ல கடலையும் நல்ல வெல்லமும் பல தலைமுறை மாறாமல் இருந்ததால்தான். அந்தப் பெயரின் நிழலில் ஒதுங்க வேண்டியதில்லை. "செக்குப் பிண்ணாக்கு உருண்டை" என்றே எழுதுங்கள். மூலப்பொருள், தயாரித்த தேதி, பயன்படுத்தும் கடைசித் தேதி, எடை, விலை, முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் இருக்கட்டும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருப்பதால் அதைத் தனியாகத் தெரியும்படி அச்சிட வேண்டியது சட்டமும்கூட.

கடைக்காரர்கள் தங்கள் பங்கை மறந்துவிடக் கூடாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கும், தேதி முடிந்த சரக்குக்கும் விற்றவரே பொறுப்பு. "தெரிந்த அம்மா கொடுத்தது" என்பது அதிகாரியிடம் எடுபடாது. சிறு குழுவானாலும் பில் வாங்குங்கள். ஜாடியில் திறந்து வைத்து விற்க வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பலும் கண்டெய்னர் லாரிப் புழுதியும் பறக்கும் நம் வட்டாரம் அதற்கு ஏற்றதல்ல. ஒரு வாரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் எடுங்கள். காறல் வாடை வந்த சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளாமல் திருப்பி அனுப்புங்கள்.

கூட்டாகச் செய்ய வேண்டியது

இவ்வளவு கெடுபிடி சொன்னால் சிறு குழுக்கள் பயந்து ஓடிவிடும், கடைசியில் பெரிய நிறுவனம்தான் வந்து சம்பாதிக்கும் என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். வாதத்தில் நியாயம் உண்டு. அஃப்ளாடாக்சின் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. மாதம் ஐம்பது கிலோ உருண்டை செய்யும் ஒரு குழுவுக்கு, மேலே சொன்ன கணக்குப்படி நிற்பதே 2,400 ரூபாய்தான். ஒரு சோதனையில் மாத லாபம் முழுவதும் போய்விடும்.

ஆனால் சோதனையை உருண்டையில் செய்ய வேண்டியதில்லை, பருப்பில் செய்யலாம். ஐந்து டன் பருப்பை ஒரே கொள்முதலாக வாங்கி, பல மூட்டைகளிலிருந்தும் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, கலந்து, ஒருமுறை சோதித்தால் கிலோவுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. ஒரு மூட்டையில் மட்டும் மாதிரி எடுப்பது வீண். பூசணம் ஒரு மூட்டையில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. வரம்பின் விளிம்பில் நிற்காமல் அதற்கு நன்றாகக் கீழே இருக்கும் பருப்பை மட்டும் உணவுச் செக்குக்கு ஒதுக்கி, மூட்டைக்கு அடையாள எண் போட்டு, அந்த எண்ணையே பிண்ணாக்குக்கும் உருண்டைக்கும் தொடர்ந்து எழுதி வந்தால், நாளை ஒரு புகார் வந்தாலும் அரை மணி நேரத்தில் எந்த மூட்டை என்று கண்டுபிடித்துவிடலாம்.

இதைத் தனி வியாபாரி செய்ய முடியாது. சங்கம் செய்ய முடியும். நமது சங்கத்தின் அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதற்கென ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டுகிறோம். விருப்பமுள்ள மொத்த வியாபாரிகள் நான்கைந்து பேர், செக்குக்காரர்கள் சிலர், மகளிர் குழுக்கள் சில என்று சிறிய அளவில் தொடங்கினால் போதும். சோதனைக் கட்டணத்தைக் கொள்முதல் அளவுக்கேற்பப் பிரித்துக்கொள்ளலாம். இதில் சேராத உருண்டையை நமது உறுப்பினர் கடைகளில் வைப்பதில்லை என்று முடிவெடுத்தால், தீவனப் பிண்ணாக்கில் செய்பவருக்கு விற்க இடமிருக்காது.

இன்னொரு சாரார், இந்த வம்பே வேண்டாம், பிண்ணாக்கு மாட்டுக்கே போகட்டும் என்கிறார்கள். நாம் வைக்காவிட்டால் உருண்டை வராமல் இருக்கப் போவதில்லை. பில் இல்லாமல், தேதி இல்லாமல், பள்ளிக்கூட வாசல் தள்ளுவண்டியில் விற்கும். அதைத் தின்னும் பிள்ளைகளும் நம் வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகள்தானே?

ஐந்து ரூபாய்க்கு வயிறு நிறையும் சத்தான பண்டம் சிப்காட் கேட்டில் நிற்கும் தொழிலாளிக்கும் தேவை, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் தேவை. அதைக் கொடுக்கும் சரக்கு நமது வட்டாரச் செக்கிலேயே இருக்கிறது. பருப்பு பொறுக்கும் தட்டில் நேர்மை இருந்தால் அந்தச் சரக்கு உணவு. இல்லையென்றால் அது மாட்டுக்கும் ஆகாது. உறுப்பினர்கள் தங்கள் கருத்துகளைக் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் எழுதிக் கொடுத்தால், தீர்மானத்தை விரைவில் நிறைவேற்ற வசதியாக இருக்கும்.